பெரிய வெள்ளிக் கஞ்சியும் உயிர்ப்பு ஞாயிற்று அப்பமும்: எங்கள் தோட்டத்து வழக்கத்தைக் கைவிடலாமா?

பெர்ஜுந்தைப் பிள்ளை | திங்கள், இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்த ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தை. வரைபடத்தில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் நாவில் பழைய பெயரே நிற்கிறது. ரப்பர் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், பழைய தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பாதிப்பேராவது எங்கள் சிற்றாலயத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறோம்.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் திருவிழாக் குழு கூடிப் புனித வாரத்துக்கான ஏற்பாடுகளைப் பேசியது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதைக்கும் மூன்று மணி வழிபாட்டுக்கும் பிறகு ஆலய முற்றத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றும் வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்திவிட்டு, கடையில் வாங்கிய சிலுவை பன் ரொட்டியை ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம் என்றும், உயிர்ப்பு ஞாயிறு காலையில் வழக்கமான அப்பத்துக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் முட்டை வழங்கலாம் என்றும் இளையவர் சிலர் கருத்துச் சொன்னார்கள். கஞ்சி காய்ச்ச ஆள் இல்லை, விறகடுப்பு மூட்ட இடம் இல்லை, பிள்ளைகள் கஞ்சியைத் தொடுவதில்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். அவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கூட்டத்தில் தக்க பதில் சொல்ல என்னால் முடியாமல் போனதும் உறுத்துகிறது.

தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்கி, இடையில் வரும் ஆறு ஞாயிறுகளை நீக்கினால் 40 நாள்கள். திருச்சபைச் சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே ஒருசந்தி நாள்கள்: ஒரு முழு உணவும், இரண்டு சிறிய உணவும் உண்ணலாம். 14 வயது நிரம்பியவர்கள் அந்நாள்களில் இறைச்சியையும் விலக்க வேண்டும். கஞ்சி குடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதை நான் அறிவேன். நம் மக்கள் அந்த ஒரு முழு உணவை எந்த வடிவில் உண்பது என்று தாங்களே முடிவுசெய்து, பச்சரிசியும் வறுத்த பாசிப்பயறும் வெந்தயமும் பூண்டும் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கிய கஞ்சியாக அதை ஆக்கினார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலும் கேரளத்திலும் இதே நாளில் இதே போன்ற கஞ்சி உண்டு. கப்பலேறி வந்தவர்கள் சட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். வாசனைக்குப் போடும் பாண்டான் இலை மட்டும் இந்த மண் சேர்த்தது.

உங்கள் ஊர்களில் இந்த வாரம் என்ன சமைக்கிறார்கள், எதை விட்டீர்கள், எதை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். குழுவிடம் நான் கொண்டுபோக வேண்டியது உணர்ச்சி மட்டுமாக இருந்தால் போதாது என்று நினைக்கிறேன்.

---

கிராணி வீட்டுப் பேத்தி | திங்கள், இரவு 10.40

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். என் தாத்தா கோட்டயத்திலிருந்து வந்து தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்தவர். அப்பாவைப் பெற்ற பாட்டியோ திருச்சிப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர். அதனால் எங்கள் வீட்டில் புனித வாரம் வியாழனிலேயே தொடங்கிவிடும்.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் பெசஹா அப்பம் செய்வார்கள். இது பலரும் நினைப்பது போல ஆப்பச் சட்டியில் ஊற்றும் ஆப்பம் அல்ல. அரிசி மாவும் உளுந்தும் தேங்காயும் சேர்த்து, நொதிக்க விடாமல், இட்லிப் பானையில் தட்டு வைத்து அவித்தெடுக்கும் புளிப்பில்லாத அப்பம். யூதர்களின் பாஸ்கா இரவில் புளிப்பில்லாத அப்பம் உண்ட நினைவை அது தாங்கியிருக்கிறது. குருத்து ஞாயிறன்று மந்திரித்துத் தந்த ஓலையில் ஒரு துண்டைக் கிள்ளி, சிலுவையாக மாவின்மேல் பதித்து அவிப்போம். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் காய்ச்சிய பாலை அதனுடன் வைத்து, தாத்தா ஜெபித்து, அப்பத்தை வெட்டி, வயதில் மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசையாகக் கையில் கொடுப்பார். அந்த ஆண்டில் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் அந்த வீட்டார் அப்பம் அவிப்பதில்லை. உறவினரோ அண்டை வீட்டாரோ கொண்டுவந்து கொடுப்பார்கள். தாத்தா இறந்த ஆண்டில், சமையல் முறையே தெரியாத எங்கள் பக்கத்து லயத்துத் தமிழ் அம்மா ஒருவர், பாட்டியிடம் கேட்டுக் கேட்டு அவித்து, வாழை இலையில் பொதிந்து கொண்டுவந்தார். அது நடுவில் வேகவே இல்லை. நாங்கள் எல்லோரும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் உண்டோம்.

அண்ணன் குழுவிடம் இதைச் சொல்லலாம்: ஓர் உணவு யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போகிறது என்பதுதான் இந்த வாரத்தில் பெரிது. பொட்டலமாக வாங்கி அடுக்கி வைத்தால் அந்தக் கைமாற்றம் நடப்பதில்லை.

---

ரொட்டிக்கடை | செவ்வாய், காலை 5.30

கிள்ளான் பக்கத்தில் ரொட்டி அடுப்பு வைத்திருக்கும் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவன் நான். சிலுவை பன் மீது ஒரு குறையும் விழக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அது இங்கிலாந்தின் பெரிய வெள்ளி உணவு. இலவங்கப்பட்டை, சாதிக்காய், உலர்ந்த திராட்சை சேர்த்த இனிப்பு மாவில், மேலே மைதாப் பசையால் சிலுவை இழுத்துச் சுடுவது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் இத்தகைய மசாலா பன்களைப் பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், அடக்க வீடு ஆகிய தருணங்களைத் தவிர மற்ற நாள்களில் விற்கக் கூடாது என்று ஆணையிட்டிருந்தார்கள். அந்த அளவுக்கு அதைப் புனிதமான பொருளாகக் கருதியிருக்கிறார்கள். ஆங்கிலேயத் துரைமார் காலத்தில் இந்நாட்டுக்கு வந்தது. இன்று பேரங்காடிகளில் ஜனவரியிலேயே அடுக்கிவிடுகிறார்கள். நான் புனித வாரத்தில் மட்டுமே சுடுகிறேன்.

ஆனால் அதை எங்கள் சபையில் கஞ்சிக்குப் பதிலாக வைத்ததில்லை. நாங்கள் லெந்து காலத்தில் (தவக்காலத்தில்) உணவு விலக்கைச் சட்டமாகக் கொள்வதில்லை. விரும்பியவர் விரும்பியதைத் துறக்கிறார். பெரிய வெள்ளி நண்பகல் 12 மணிக்கு மும்மணி ஆராதனை தொடங்கி, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் தியானித்து முடிக்கும்போது பிற்பகல் 3 மணி ஆகும். மூன்று மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் அமர்ந்திருந்த முதியவர்களுக்கு வெளியே வந்ததும் சூடாக ஏதாவது வேண்டும் என்று சபைப் பெண்கள் கஞ்சி வைத்தார்கள். இப்போது கஞ்சியும் இருக்கிறது, பன்னும் இருக்கிறது. பன்னை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். கஞ்சியை நின்ற இடத்தில் குடிக்கிறார்கள். ஒன்றை எடுத்து மற்றொன்றை வைப்பது தேவையற்ற முடிவு என்பதே என் எண்ணம்.

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று எங்களுக்கு விடியற்கால ஆராதனைதான் உயிர். 1732இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபை இளைஞர்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடி விடியலை வரவேற்றுப் பாடியதிலிருந்து இந்த வழக்கம் பரவியது. நாங்களும் கல்லறைத் தோட்டத்தில்தான் கூடுகிறோம். இருட்டில் தாத்தா பாட்டியின் கல்லறையருகே மெழுகுவத்தியோடு நின்று, கிழக்கு வெளுக்கும்போது பாடி முடிப்போம். பிறகு ஆலயத்துக்கு வந்து இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் உண்போம். என் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் எழுப்பினாலும் எழாதவர்கள். அன்று மட்டும் 4 மணிக்கே எழுகிறார்கள்.

---

லயத்து மகள் | செவ்வாய், பிற்பகல் 1.05

எல்லோரும் கஞ்சியைப் பற்றி மனமுருகி எழுதுகிறீர்கள். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதை மறைக்காமல் சொல்வதே மரியாதை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகுமுன் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு ஓடுவார். அவருக்கு முந்திய தலைமுறை ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைக் கரைத்துக் குடித்து உயிர்பிழைத்தது. கஞ்சி எங்கள் வீட்டில் தவத்தின் அடையாளமாக இருந்ததில்லை. சம்பளம் போதாத மாதத்தின் அடையாளமாக இருந்தது. எனக்கு முதல் வேலை கிடைத்த மாதம் அம்மா சொன்னார், இனி இந்த வீட்டில் கஞ்சி வேண்டாம் என்று. அவருக்கு இப்போது 74 வயது. பெரிய வெள்ளியன்று ஆலய முற்றத்தில் கஞ்சி வாளியைக் கண்டால் பேசாமல் வீட்டுக்கு நடந்துவிடுவார்.

வறுமையில் குடித்ததை நாம் இப்போது பண்பாடு என்று பெயரிட்டுக் கொண்டாடும்போது, அந்த வறுமையை வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? பிள்ளைகளுக்குப் பன் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

---

பழைய மண்டோர் | செவ்வாய், இரவு 8.20

பேரன் தட்டச்சு செய்ய, நான் சொல்லி எழுதுகிறேன். எனக்கு 82 வயதாகிறது. லயத்து மகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா, உன் தாயார் செய்வதில் தவறு ஒன்றும் இல்லை. அவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் பெரிய வெள்ளிக் கஞ்சியும் காலைக் கஞ்சியும் ஒன்றல்ல என்பதை நீ அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். காலைக் கஞ்சியில் பயறு கிடையாது, தேங்காய்ப்பால் கிடையாது, பூண்டு கிடையாது. பெரிய வெள்ளிக்கு அரிசியை வீட்டுக்கு ஒரு படி என்று தண்டுவோம். கிராணி வீட்டிலிருந்தும் வரும், மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) வீட்டிலிருந்தும் வரும், வெட்டுத் தொழிலாளி வீட்டிலிருந்தும் வரும். எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்த பிறகு எது யாருடைய அரிசி என்று சொல்ல முடியாது. துரை பங்களாவில் வேலை செய்தவரும் மாடு மேய்த்தவரும் அதே அண்டாவிலிருந்துதான் குடித்தார்கள்.

உண்மையை மறைக்காமல் சொல்வதென்றால், தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. என் சிறுவயதில் சில குடும்பங்கள் தனியாகப் பாத்திரம் கொண்டுவந்து, தனியாக ஊற்றச் சொல்லி, தனியாகப் போய் உட்கார்ந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றும் சாதி கழுவப்படாமல் இருந்தது. எங்கள் பங்குச் சாமியார் ஒரு பெரிய வெள்ளியில் கஞ்சி வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு, ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர்களை வரிசைக்கு நடுவில் அமர்த்தி, தாமும் தரையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். மறு ஆண்டு இரண்டு குடும்பங்கள் வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு அவர்களும் வந்தார்கள், தனிப் பாத்திரம் இல்லாமல். இதை நான் கண்ணால் கண்டேன். பன்னைக் கையில் வாங்கிக்கொண்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டால் யார் யார் பக்கத்தில் உட்காரப் போகிறார்கள்?

இன்னொன்று. இப்பண்டிகையை வசந்தகாலப் பண்டிகை என்று வெள்ளைக்காரர்கள் சொல்வார்கள். நமக்கு வசந்தம் ஏது என்று கேட்பீர்கள். பால்மரம் வெட்டியவனுக்குத் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் ரப்பர் மரம் இலையைக் கொட்டும். காடு முழுவதும் வெறுங்கிளையாக நிற்கும். காலடியில் சருகு சலசலக்கும். பால் குறைந்துவிடும், எடைக்குக் கூலி வாங்கியவனுக்கு வருமானமும் குறைந்துவிடும். தவக்காலம் அதே வாரங்களில்தான் வரும். அப்போது கறி வாங்க முடியாததும், கறி உண்ணக் கூடாததும் ஒன்றாகவே நடந்தன; அதனால் வீட்டில் அந்த இல்லாமை அவமானமாகத் தெரியவில்லை. பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். உயிர்ப்பு ஞாயிறு சில ஆண்டுகளில் அந்தத் தளிரோடு சரியாக வந்து சேரும். செம்பனை இலையைக் கொட்டுவதில்லை. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதைக் காட்ட மரம் இல்லை.

வெட்டு வேலை விடியுமுன் தொடங்கும். காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். நண்பகலுக்குள் பாலைச் சேர்த்து, ஸ்டோரில் எடை போட்டுவிட்டு, குளித்து, 3 மணி வழிபாட்டுக்கு வந்துவிடலாம். தீபகற்பத்தில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது. சபாவிலும் சரவாக்கிலும்தான் உண்டு. ஒரு நாள் கூலியை இழக்காமலே நாங்கள் பெரிய வெள்ளியை ஆசரித்தோம்.

அப்பத்தைப் பற்றி நாளை சொல்கிறேன். கண் வலிக்கிறது.

---

தாமான் வாசி | புதன், காலை 10.15

முட்டைக்காகப் பேச ஒருவர் வேண்டும் போலிருக்கிறது. குழுவில் சாக்லேட் முட்டை பற்றிப் பேசிய இளையவர்களில் நானும் ஒருவன். பெர்ஜுந்தைப் பிள்ளை அண்ணனுக்கு என் முகம் தெரியும்.

முட்டை கடைக்காரர்கள் கண்டுபிடித்த வேடிக்கை அல்ல. முற்காலத்தில் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய் ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. கிழக்குச் சபைகளில் அந்த ஒழுங்கு இன்றும் இருக்கிறது. மனிதன் நோன்பிருந்தாலும் கோழி முட்டையிடுவதை நிறுத்துமா? வாரக்கணக்கில் சேர்ந்த முட்டைகளை அவித்து வைத்தார்கள்; பண்டிகை அன்று அவற்றை அலங்கரித்துப் பகிர்ந்தார்கள். 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 450 முட்டைகளைப் பொன்தகடு ஒட்டியும் சாயமிட்டும் அரண்மனையாருக்கு வழங்கியதற்கு வரவுசெலவுக் கணக்கிலேயே சான்று இருக்கிறது. கிரேக்கர்கள் கிறிஸ்துவின் இரத்தத்தை எண்ணி முட்டையைச் சிவப்பாகச் சாயமிட்டு, ஒருவர் முட்டையை மற்றவர் முட்டையோடு மோதி உடைப்பார்கள். மூடிய கல்லறை உடைந்ததை அது நினைவூட்டுகிறது. உக்ரைனியர்கள் தேன்மெழுகால் கோலமிட்டு, ஒவ்வொரு சாயமாகத் தோய்த்து, கடைசியில் மெழுகை உருக்கித் துடைத்து எடுப்பார்கள். நம் பாத்தேக் துணியில் செய்யும் அதே வேலைதான். போலந்தில் பெரிய சனியன்று முட்டை, ரொட்டி, உப்பு, தொத்திறைச்சி, வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி ஆகியவற்றைக் கூடையில் வைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோய் மந்திரித்து, மறுநாள் காலை முதல் உணவாக உண்கிறார்கள். சாக்லேட் முட்டை மிகப் பிந்தி வந்தது. பிரிட்டனில் பிரை நிறுவனம் 1873இலும் காட்பரி 1875இலும் அதைச் செய்யத் தொடங்கின.

மேலும், இந்நாட்டில் முட்டை நமக்கு அந்நியம் என்று யார் சொல்ல முடியும்? எங்கள் வரிசை வீட்டில் சீனர் குடும்பத்தில் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்தால் சிவப்பு முட்டை வருகிறது. மலாய்க்காரர் திருமணத்தில் புங்கா தெலுர் (முட்டைப் பூ) என்று முட்டையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். புதிய உயிர் என்றதும் இவ்வூரில் எல்லோருடைய கையும் முட்டையைத்தான் தேடுகிறது.

பழைய மண்டோர் தாத்தா எழுதியதைப் படித்த பிறகு கஞ்சியைப் பற்றிய என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். அந்த வரிசையைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. முட்டையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாக்லேட் வேண்டாம், கோழி முட்டையையே அவித்துச் சாயமிடலாம். மஞ்சள் தூளில் மஞ்சள் நிறமும், பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலில் செம்பழுப்பும், சங்குப்பூவில் நீலமும் கிடைக்கும். தோலையோ பூவையோ இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஒரு குவளைக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றினால் ஓட்டில் சாயம் பிடிக்கும். இங்கு விற்கும் கோழி முட்டை பெரும்பாலும் பழுப்பு ஓடு, நீலம் எடுக்காது. அதற்கு வாத்து முட்டை நல்லது.

---

பழைய மண்டோர் | புதன், இரவு 8.00

தாமான் வாசித் தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். எங்களுக்கு அன்று சாயம் கிடையாது. ஆனால் உயிர்ப்பு ஞாயிறு கோழிக் குழம்பில் ஆளுக்கொரு முழு முட்டை மிதக்கும். மற்ற நாள்களில் ஒரு முட்டையை நூல் கட்டி அறுத்து இருவருக்கு வைப்பார்கள். முழு முட்டை என்பதே பண்டிகைதான்.

அப்பத்துக்கு வருகிறேன். என் பாட்டி பெரிய சனி நண்பகல் 12 மணிக்கே அப்பத்தைச் சுட்டுவிடுவார். என் மனைவியோ நள்ளிரவுப் பூசை முடிந்துதான் அடுப்பு மூட்டுவாள். இதில் யார் செய்தது சரி என்று மாமியார் வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. இருவரும் சரிதான் என்பது பின்னர் ஒரு சாமியார் சொல்லித் தெரிந்தது. பழைய சட்டப்படி தவக்காலம் பெரிய சனி நண்பகலோடு முடிந்தது. பாஸ்கா விழிப்புச் சடங்குகளையும் அன்று காலையிலேயே நடத்தி, மணியும் அடித்துவிடுவார்கள். பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பாப்பரசர் அதை மாற்றி, விழிப்பை மீண்டும் இரவுக்கே கொண்டுபோனார். 1956 புனித வாரத்திலிருந்து எல்லா இடத்திலும் அந்த ஒழுங்கு வந்தது. எனக்கு அப்போது 12 வயது. இருட்டில் புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்காத் திரியை ஏற்றி, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்த அந்தப் பெரிய திரியிலிருந்து ஒருவர் பின் ஒருவராக மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டதை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பெரிய வியாழன் முதல் மணிக்குப் பதிலாக மரப்பலகையைத் தட்டி அழைத்துக்கொண்டிருந்தவர்கள், உன்னதங்களிலே பாடத் தொடங்கியதும் மணியை இழுத்தார்கள். லயத்து நாய்கள் எல்லாம் ஊளையிட்டன.

அப்பமாவில் கள் ஊற்ற வேண்டும். தவக்காலம் முழுவதும் ஆண்கள் கள்ளுக்கடைப் பக்கம் போவதில்லை என்று நேர்ந்துகொள்வார்கள். அந்த 40 நாளில் எங்கள் லயத்துக்குள் கள் நுழைவது பெரிய சனி பிற்பகல் மட்டும்தான். அதுவும் பெண்கள் கையில், சொம்பில், மாவுக்கு என்று. தென்னங்கள்ளில் இருக்கும் ஈஸ்ட் வெயில் நாளில் மாவை நான்கு மணி நேரத்தில் பொங்க வைத்துவிடும். விழிப்பு முடிய நள்ளிரவு ஆகுமென்பதால் மாவை மாலை 6 மணிக்குத்தான் கரைக்க வேண்டும். முன்பே கரைத்துவிட்டுப் பூசைக்குப் போனவர்கள் வீட்டில் பானை பொங்கி, திரும்பி வரும்போது தரையெல்லாம் மாவாகக் கிடக்கும்; எறும்பு பண்டிகை கொண்டாடியிருக்கும்.

---

கிராணி வீட்டுப் பேத்தி | புதன், இரவு 9.30

தாத்தா, கள் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு நாங்கள் செய்யும் முறையையும் சொல்கிறேன். ஒரு இளநீரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் கால் தேக்கரண்டி ஈஸ்டும் கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் அதுவே போதும். இரண்டு குவளைப் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஒரு குவளைத் தேங்காய்த் துருவலும் அரைக் குவளைச் சோறும் சேர்த்து அரைத்து, அரைத்த மாவில் இரண்டு கரண்டி எடுத்து நீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறிய பிறகு மாவோடு கலந்துவிடுங்கள். கூழ் சூடாக இருக்கும்போது கலந்தால் ஈஸ்ட் இறந்துவிடும். உப்பைச் சுடுவதற்குச் சற்று முன்னரே போடுங்கள்.

---

பெர்ஜுந்தைப் பிள்ளை | வியாழன், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை. இந்த இழையை அச்சிட்டு இன்று மாலை குழுவிடம் கொடுத்தேன். பழைய மண்டோர் ஐயா எழுதிய அந்த வரிசையைப் பற்றிய பகுதியைத் தலைவர் உரக்கப் படித்தார். படித்து முடித்த பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்தச் சாமியாரைத் தரையில் உட்காரக் கண்டவர்கள் அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தனிப் பாத்திரம் கொண்டுவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று அவரே எழுந்து சொன்னார்.

கஞ்சி தொடரும். ஆனால் லயத்து மகள் கேட்ட கேள்வியை நாங்கள் ஒதுக்கவில்லை. இனிமேல் வாளியில் ஊற்றி வரிசையில் நிற்க வைப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. பாய் விரித்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு குழுவினரே பரிமாறுவார்கள். கையேந்தி நிற்க வைத்ததுதான் பலருக்கு அந்தப் பழைய நாள்களை நினைவூட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கஞ்சி வேண்டாதவர்களுக்குச் சிலுவை பன் இருக்கும். உயிர்ப்பு ஞாயிறன்று அப்பமும், சாயமிட்ட கோழி முட்டையும் இரண்டும் உண்டு; சாயமிடும் பொறுப்பு ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கு.

ஒரு செய்தியையும் இங்கே பதிந்து வைக்கிறேன். 2026இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் அது. அதே வாரத்தில் ரமலான் நோன்பும் தொடங்கியது. பள்ளிவாசலில் புபுர் லம்புக் கஞ்சி காய்ச்சும் எங்கள் பக்கத்துக் கம்போங் (மலாய்க் கிராமத்து) நண்பரிடம் இந்தக் கஞ்சியைப் பற்றிப் பேசினேன். அவர்களுடைய பெரிய அண்டாக்கள் இரண்டையும் கேட்டிருக்கிறேன். கழுவித் தருவதாகவே சொன்னார். சுமார் 150 பேருக்கு என்ன அளவு என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ரொட்டிக்கடை | வெள்ளி, காலை 5.10

எங்கள் சபைப் பெண்களிடம் கேட்டு எழுதுகிறேன். 150 பேருக்குப் பச்சரிசி 8 கிலோ, பாசிப்பயறு 3 கிலோ, தண்ணீர் ஏறத்தாழ 80 லிட்டர், தேங்காய் 15, பூண்டு முக்கால் கிலோ, வெந்தயம் 150 கிராம், இஞ்சி அரைக் கிலோ. பயறு வாசம் வரும் வரை வறுபட வேண்டும். கருகினால் அண்டா முழுவதும் கசக்கும். தேங்காயின் முதற்பாலை இறக்குவதற்கு முன்னர்தான் ஊற்ற வேண்டும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல் போதும். பன் 60 சுட்டு அனுப்புகிறேன். பணம் வேண்டாம், அது எங்கள் சபையின் காணிக்கை.

---

லயத்து மகள் | வெள்ளி, இரவு 7.45

பழைய மண்டோர் ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டிக்கடை அண்ணன் இன்று காலை எழுதிய அளவுகளைப் படித்தபோதுதான் வாயைத் திறந்தார். 8 கிலோ அரிசிக்கு 150 கிராம் வெந்தயம் போட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது, 80 கிராம் போதும் என்றார். பயற்றை இரும்புச் சட்டியில்தான் வறுக்க வேண்டும், அந்தச் சட்டி நம் வீட்டில் இருக்கிறது, நான் வந்து வறுத்துத் தருகிறேன், ஆனால் குடிக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

விறகை அன்று காலை எத்தனை மணிக்குக் கொண்டுவருவீர்கள் என்று கேட்கச் சொல்கிறார்.

---

பெர்ஜுந்தைப் பிள்ளை | வெள்ளி, இரவு 8.05

காலை 9 மணிக்கு விறகு முற்றத்தில் இருக்கும். வெந்தயம் 80 கிராம் என்று பட்டியலில் திருத்திவிட்டேன். அம்மாவை அழைத்துவர வண்டி அனுப்புகிறேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்க வேண்டாம்.